கண்ணீருக்குப் பிறகு?

நெஞ்சைக் குளிர்விக்கும் கதைகள் என்று ஒரு வகை உண்டு. பிரிந்த நண்பர் கூடுவர், வெறுத்தவர் விரும்புவர், வாழ்வே முடிந்தது என்று சோர்ந்தவனுக்கு மறுவாழ்வு வாய்க்கும். இறுதிப் பக்கத்தில் படிப்பவர் விழியில் நீர் துளிர்க்கும், இதழில் முறுவல் மலரும். நூலை மூடுவோம், நிம்மதியாக உறங்குவோம்.

அந்த உறக்கத்தின்மீதுதான் ஐயுறவு கொள்கிறார்கள் நம் இளைஞர் பலர். "கொடுமை மலையெனக் குவிந்து கிடக்கும் உலகில் இனிப்புத் தடவிய கதை எதற்கு? பசித்தவனுக்குத் தாலாட்டா? சினம் கொள்ள வேண்டிய இடத்தில் உருகச் செய்வது ஏமாற்று வேலையன்றோ?" என்று கேட்கிறார்கள். கூர்மையான கேள்விதான். ஒதுக்கித் தள்ளத்தக்கதன்று. இரு நூல்களை எதிரே வைத்துக்கொண்டு அதனை ஆராய்வோம், தோழர்களே.

முதல் நூல், ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிறிஸ்துமஸ் கரோல்'. 1824-இல் அவருடைய தந்தை கடனைக் கட்ட வழியின்றி இலண்டன் மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுவன் டிக்கன்ஸ், காலணி மை செய்யும் தொழிற்கூடத்தில் குப்பிகளுக்குத் தாள் ஒட்டிக் கூலி வாங்கினான். வறுமையை ஏட்டில் படித்தவர் அல்லர் அவர், உடலில் ஏற்றவர். 1843-இல், தொழிற்கூடங்களில் குழந்தைகள் படும் பாட்டை விவரிக்கும் அரசு அறிக்கை வெளிவந்தது. படித்தார், கொதித்தார். ஏழைக் குழந்தைகளுக்காக வாதாடும் துண்டு வெளியீடு ஒன்றை எழுதுவதென்றே முதலில் எண்ணினார். பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டு கதை எழுதினார். அவ்வாண்டு டிசம்பர் 19-இல் நூல் வெளிவந்தது. கிறிஸ்துமஸ் நாளுக்குள் 6,000 படிகள் விற்றுத் தீர்ந்தன.

கதையின் நாயகன் ஸ்க்ரூஜ், கல்நெஞ்சக் கஞ்சன். ஏழைகளுக்கு உதவுக என்று வந்தோரிடம், சிறைகள் இருக்கின்றனவே, அங்கே போகட்டும் என்கிறான். எழுத்தன் கிராட்சிட்டைக் குளிரில் நடுங்க வைத்து வேலை வாங்குகிறான். ஓர் இரவில் மூன்று ஆவிகள் அவனிடம் வருகின்றன. விடியும்போது அவன் புது மனிதன்!

ஆவியா என்று நகைக்கிறீர்களா? நகையுங்கள். ஆனால், அந்த ஆவிகள் செய்த வேலை என்ன என்பதையும் பாருங்கள். ஒன்று, அவனுடைய இளமையை நினைவூட்டியது. மற்றொன்று, கிராட்சிட்டின் வீட்டையும் நோயுற்ற சிறுவன் டிம்மையும் காட்டியது. மூன்றாவது, இப்படியே சென்றால் முடிவு என்னவாகும் என்று உணர்த்தியது. நினைத்துப் பார்த்தல், கண்திறந்து பார்த்தல், எண்ணிப் பார்த்தல்! இவை மூன்றும் அறிவின் வேலைகள் அல்லவா? மந்திரமும் தந்திரமும் அவனை மாற்றவில்லை. பார்க்க மறுத்ததைப் பார்த்தான், மாறினான். மனிதன் மாறக்கூடியவன் என்னும் கொள்கை இக்கதையின் முதுகெலும்பு. சீர்திருத்தம் பேசும் எவருக்கும் அதுவே அடித்தளம். மாற மாட்டான் மனிதன் என்று முடிவு கட்டிவிட்டால், மேடை எதற்கு? ஏடு எதற்கு? எழுத்து எதற்கு?

எனினும், ஒரு குறை நெருடுகிறது. கிராட்சிட்டின் ஊதியம் உயர்ந்தது, முதலாளி உள்ளம் உருகியதால். உருகாதிருந்தால்? பக்கத்துத் தெருவில் மற்றொரு கிராட்சிட், மற்றொரு முதலாளியிடம் நடுங்கிக்கொண்டிருந்தானே, அவன் எந்த இரவுக்காகக் காத்திருப்பது? ஒவ்வொரு முதலாளியின் கட்டிலருகேயும் மூன்று ஆவிகளை நிறுத்தி வைக்க முடியுமா?

முடியாது. அதனால்தான் உழைப்பாளர் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்தனர். 1847-இல் பிரிட்டனில் பத்து மணி நேரச் சட்டம் வந்தது. துணியாலைகளில் பெண்களும், 13 முதல் 18 வயது வரையுள்ள இளையோரும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்குமேல் உழைக்கலாகாது என்றது அச்சட்டம். ஸ்க்ரூஜ் நல்லவனா, கெட்டவனா என்று அது கேட்கவில்லை. எவனாயினும் இதுதான் எல்லை என்றது. கருணை ஒரு வீட்டில் விளக்கேற்றும். தெருவெங்கும் ஒளி வேண்டுமெனில் சட்டம் வேண்டும், உரிமை வேண்டும்.

இரண்டாம் நூல் நம் காலத்தது. சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஃபிரெட்ரிக் பக்மன் 2012-இல் வெளியிட்ட 'ஓவே என்னும் மனிதன்'. பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 2015-இல் சுவீடனிலும் 2022-இல் ஹாலிவுட்டிலும் திரைப்படமாயிற்று.

ஓவேக்கு வயது 59. மனைவி சோன்யா மறைந்துவிட்டாள். வேலையும் போயிற்று. தன்னால் இனி எவருக்கும் பயனில்லை என்று கருதி உயிரைவிடத் துணிகிறார். எதிர்வீட்டுக்குக் குடிவருகிறாள் பர்வானே, ஈரானிலிருந்து வந்து சுவீடனில் வாழும் பெண். ஏணி கொடுங்கள் என்பாள். கார் ஓட்டக் கற்றுத் தாருங்கள் என்பாள். தட்டு நிறையச் சோறு கொண்டுவந்து நீட்டுவாள். சாவதற்கு அந்த மனிதருக்கு நேரமே கிடைப்பதில்லை! அவள் அறிவுரை கூறி அவரைக் காக்கவில்லை; உதவி கேட்டுக் காத்தாள். ஒருவனுக்கு மறுவாழ்வு என்பது பிச்சையாக இடப்படுவதன்று. "நீ எங்களுக்குத் தேவை" என்று சொல்வதில் பிறப்பது. இந்த உண்மையை நூறு சொற்பொழிவுகளைவிட அந்தக் கதை நன்றாகச் சொல்லிவிடுகிறது.

அதே கதையில் இன்னொரு காட்சி. விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த சோன்யா, ஆசிரியை வேலைக்குச் செல்கிறாள். பள்ளியிலோ படிக்கட்டு; சக்கர நாற்காலி ஏறச் சரிவுப் பாதை இல்லை. ஓவே கடிதங்கள் எழுதுகிறார். பயனில்லை. முடிவில் ஓர் இரவு தாமே சென்று, தம் கையாலேயே அந்தப் பாதையைக் கட்டிவிடுகிறார். படிப்போர் கண் கலங்கும் இடம் இது. கலங்கட்டும். ஆனால், ஓவேயைப் போன்ற கணவன் வாய்க்காத பெண் என்ன செய்வாள்? அவள் படிக்கட்டின் கீழேயே நின்றுவிட வேண்டியதுதானா? அன்புள்ள ஒரு மனிதன் நள்ளிரவில் கட்டித் தந்ததை, கடமையுள்ள ஒரு நிர்வாகம் நண்பகலில் கட்டியிருக்க வேண்டாமா?

அந்தப் பாதையில் ஏறிச் சென்ற சோன்யா, எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய மாணவர்களுக்குப் பாடம் சொன்னாள். தறுதலைகள் எனப்பட்டோரை இலக்கியம் படிக்கச் செய்தாள். ஆசிரியப் பணியிலிருக்கும் நமக்கு இந்த இடம் நெஞ்சைத் தைக்கிறது. "இவன் தேறமாட்டான்" என்று பத்து வயதுச் சிறுவனைப் பற்றிச் சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! இரண்டு சொற்கள், ஒரு வாழ்வே முடிந்தது. மறுவாய்ப்புக் கதையைப் படித்து உருகிய ஆசிரியர், மறுநாள் காலை கடைசி வரிசையைப் பார்க்கும் பார்வை மாறியிருக்க வேண்டும். மாறாவிடில் அவர் சிந்திய கண்ணீர் வெறும் உப்புநீர். அவர் ஒருவர் மாறினால் மட்டும் போதுமா? தவறிய மாணவன் மீண்டும் எழுதத் தேர்வு வேண்டும், மீண்டும் படிக்க இடம் வேண்டும். நல்லாசிரியர் கிடைத்த பிள்ளைக்கு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைக்கும்!

ஆகவே, இத்தகைய நூல்களை எள்ளி நகையாடும் தோழர்களுக்கு நாம் கூறுவது இதுதான். சினம் எதை இடிக்க வேண்டும் என்று சொல்லும். எதைக் கட்ட வேண்டும் என்று சொல்ல, மகிழ்ச்சியின் சுவை தெரிந்திருக்க வேண்டும். அண்டை வீட்டார் அன்போடு கூடி உண்ணும் ஒரு காட்சியை நெஞ்சில் ஏந்தாதவன், எந்தச் சமுதாயத்துக்காகப் போராடுவான்?

உருகிவிட்டு உறங்கும் தோழர்களுக்கும் ஒரு சொல். நூலை மூடுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கதையில் வந்த அந்த ஒரு நல்லவர் வராதிருந்தால், இவர்கள் கதி என்னவாகியிருக்கும்?" விடை உங்களை வருத்துமானால், செய்யவேண்டிய வேலை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது என்று பொருள்.

படியுங்கள். கண்ணீர் வந்தால் வெட்கப்பட வேண்டாம். துடைத்துக்கொண்டு எழுங்கள். எங்கோ ஒரு பள்ளி வாயிலில், சரிவுப் பாதை இன்னும் கட்டப்படாமல் இருக்கிறது.