கட்டிலைச் சுமந்த நால்வர்



கப்பர்நகூம் ஊரிலே ஒரு திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, வாசலில் ஜனநெருக்கத்தால் வழியின்றி, கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கின சுவிசேஷத்தைப் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். சேசுநாதர் அவன் கால்களை நிமிர்த்துமுன் அவன் உள்ளத்துக்கே தைரியம் சொன்னாரென்பதைக் கவனித்தீர்களா?

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டால், யார் செய்த பாவமோ என்று கேட்பவர்கள் நம்மிலும் உண்டு. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோதே ஆண்டவர் அதை மறுத்துவிட்டார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ வருகிற நோய் இது. 32 நாடுகளில் நடத்தி 2016-ல் வெளியிட்ட ‘இன்டர்ஸ்ட்ரோக்’ ஆராய்ச்சியில், நம் நாட்டு மேற்றிராணிமாரின் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியாரும் பங்கெடுத்தார்கள். பக்கவாதத்தில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கு பத்தே காரணங்களோடு சேர்ந்தது என்று அதில் கண்டார்கள். அவற்றில் தலையானது இரத்தக் கொதிப்பு. புகை, மிதமிஞ்சின குடி, சர்க்கரை இவற்றோடு மனக்கவலையும் அந்த வரிசையில் நிற்கிறது. கருவாடு நம் பாட்டன்மார் தந்த ருசி, அதைக் கண்டிக்க எனக்கும் மனம் வரவில்லை; ஆயினும் கொதிப்புள்ளவர் தட்டில் அது தினமும் வேண்டாம்.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், புறா இரத்தம் தேடி அலையாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

பிழைத்தவரின் மனமோ? மூவரில் ஏறக்குறைய ஒருவருக்கு மனச்சோர்வு நோய் பிடிக்கிறது. நேற்றுவரை கடலை ஆண்டவர், இன்று மனைவி ஊட்டும் சோற்றுக்கு வாய் திறக்க வெட்கப்படுகிறார். கோணின முகத்தோடு கோவிலுக்கு வரக் கூசுகிறார். அதை நாம் வீம்பென்கிறோம். காரணமின்றி அழுவதும், அழவேண்டிய இடத்தில் சிரிப்பதும் மூளையின் காயத்தால் வரக்கூடியவை. நாவு கட்டுண்ட பலருக்கு நாம் பேசுவது விளங்கும்; ஆகையால் அவர் கட்டிலருகே நின்று, வள்ளத்தை யாருக்கு விற்பதென்று பேசாதேயுங்கள். மனச்சோர்வுக்கு மருந்துண்டு, வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். 2021-ல் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் கொதிப்பு மாத்திரையும் கைகால் பயிற்சியும் வீட்டுக்கே வர ஏற்பாடு செய்தார்கள். நோயாளியின் பெயரைச் சுகாதார நிலையத்தில் பதியாதவர்கள் விசாரியுங்கள்.

கப்பர்நகூமில் கட்டிலைச் சுமக்க நால்வர் இருந்தார்கள். நம் வீடுகள் பலவற்றில் கட்டிலின் நாலு மூலையையும் ஒரு பெண்ணே பிடித்து நிற்கிறாள். அவளுக்கும் உறக்கம் வேண்டாமா? அண்டை வீட்டாரே, கூட்டாளிகளே, சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்கள் போய் அவரருகே உட்காருங்கள். இரக்கப் பேச்சு வேண்டாம். இன்று நீவாடு எப்படி என்று அவரைக் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும், பொறுத்திருங்கள். கிழிந்த வலை ஒன்றையும் கொண்டுபோங்கள். நலமுள்ள கையால் அவர் இழுத்துப் பிடிக்க, நீங்கள் முடிச்சுப் போடலாம்.