ஜீவகர் கற்ற கல்வி



பள்ளியிறுதித் தேர்வு முடிவுகள் வெளிவருங் காலத்தில் விகாரைக்கு வரும் பெற்றோர் பலரும் ஒரே வினாவை எழுப்புகின்றனர்: “பிள்ளையை எதில் சேர்ப்பது?” பிள்ளையோ தூணருகே தலைகுனிந்து நிற்கின்றான். அவன் விருப்பம் யாதென்று கேட்பார் அரியர்.

இவ்வினா இன்று தோன்றியதன்று. இராசகிருகத்தில் உபாலி என்னும் சிறுவனின் பெற்றோர், தமக்குப் பின் மகன் எங்ஙனம் பிழைப்பான் என்று ஆலோசித்த செய்தி வினயபிடகத்தில் வருகின்றது. எழுத்துத் தொழில் கற்பித்தால் அவன் விரல் நோகும். கணக்குக் கற்பித்தால் மார்பு நோகும். நாணயத் தொழில் கற்பித்தால் கண் நோகும். சாக்கிய முனிவரின் பிக்குகளோ நன்றாக உண்டு, காற்றடியாத இடத்தில் உறங்குகின்றனர். ஆதலால் இவனும் பிக்குவாகட்டும் என்று முடிவு செய்தனர்! துறவையே சுகமான உத்தியோகமாக எண்ணியோர் அன்றும் இருந்தனர். பையனும் அவன் தோழர்களும் பிக்குகளாயினர். விடியுமுன் எழுந்து கஞ்சி கேட்டு அழுதனர். அவ்வழுகுரலைக் கேட்டே பகவன், இருபது வயது நிரம்பாதவர்க்கு உபசம்பதை அளிக்கலாகாது என விதித்தருளினார். பெற்றோரின் அச்சத்தால் தேர்ந்த தொழிலைப் பிள்ளையின் வயிறு ஏற்கவில்லை.

இனி ஜீவகரைக் காண்போம். அவர் குப்பைமேட்டில் எறியப்பட்ட குழந்தை. காகங்கள் சூழ்ந்து நிற்கக் கண்டு, அபயன் என்னும் அரசகுமாரன் எடுத்து வளர்த்தான். வளர்ந்தபின் ஜீவகர் தம்முள்ளே எண்ணினார்: கைத்தொழில் ஒன்றும் அறியாதவன் அரசமாளிகையில் வாழ்வது எளிதன்று. எவருக்கும் சொல்லாமல் தட்சசீலம் சென்றார். ஏழாண்டு மருத்துவம் பயின்றார். கல்விக்கு முடிவு காணேனே என்று அவர் கேட்டபோது, ஆசிரியர் மண்வெட்டியொன்றைக் கையிற் கொள்ளச் செய்து, ஊரைச் சுற்றி ஒரு யோசனைத் தூரம் அலைந்து மருந்தாகாத பொருள் எதுவாயினும் கொண்டுவருக என்றார். ஜீவகர் அலைந்து திரும்பி, அப்படியொன்றையும் காணவில்லை என்றார். கல்வி முற்றிற்று என்று ஆசிரியர் விடைகொடுத்தார்.

இத்தேர்வை நாம் பன்முறை எண்ணி வியந்ததுண்டு. பயனற்றது என்று ஒதுக்கத்தக்கது ஒன்றுமில்லை என்று காணும் கண்ணையே அக்கல்வி அளித்தது. குப்பையில் எறியப்பட்டவனுக்கே அக்கண் வாய்த்தது. அதே தட்சசீலத்தில் அகிம்சகன் என்னும் கூர்மதியுடைய மாணவனும் பயின்றான் என்று உரைநூல் கூறும். சகமாணவர் கோள் சொல்ல, அதை நம்பிய ஆசிரியன் ஆயிரம் விரல்களைக் குருதட்சணையாகக் கேட்டான். மாணவன் அங்குலிமாலன் ஆனான். ஊர் ஒன்றே; அங்குக் கற்றோரின் கதி வேறாயிற்று.

சிகாலனுக்குப் பகவன் உபதேசித்தபோது, பெற்றோர் கடமைகளில் தொழில் கற்பித்தலை மூன்றாவதாகவே வைத்தார். தீமையினின்று விலக்குதலும் நன்மையில் நிறுத்துதலும் அதற்கு முன் வருவன. நாமோ மூன்றாவதிலே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகின்றோம். ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு என்னும் ஐந்து வாணிகங்களை விலக்கினால் நல்வாழ்க்கை நிறைவேறிற்று என்று சிலர் வாதிக்கின்றனர். விதவையின் ஓய்வூதியக் காகிதத்தைக் கையூட்டு வரும்வரை நகர்த்தாத எழுத்தர் இவ்வைந்தில் எதை விற்கின்றார்? 1956 மார்ச்சு மாதம் ஆக்ராவில் பாபாசாகேப் அம்பேத்கர், படித்தோர் தம் மக்களை மறந்ததை எண்ணி மனம் வருந்திப் பேசினார். 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கிய பெருமகனின் வருத்தம் அது.

இப்பொழுது நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். மும்பை போன்ற நகரங்களில் துப்புரவுப் பணியாளர் ஓய்வு பெற்றாலோ மறைந்தாலோ அப்பணி வாரிசுக்குக் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. நாம் ஆலையில் உழைத்த நாளிலும் தந்தை நின்ற இடத்தில் மகன் நிற்பதே பெரும்பேறு எனப்பட்டது. கணவனை இழந்த தாய் அடுப்பெரிய அவ்வேலையை ஏற்பின், அவளைக் குறைகூறும் வாய் நமக்கில்லை, உழைப்பில் இழிவுமில்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மகன் புத்தகத்தை மூடிவிட்டுத் துடைப்பத்தை எடுப்பானாயின், பிறப்பே தொழிலை விதிக்கும் என்ற பழைய கொடுமை, நிரந்தர வேலை என்ற புதுப்பெயரில் மீண்டும் வாயிலில் வந்து நிற்கின்றது. 14-10-1956இல் நாகபுரியில் எதனை உதறினோம்?

வேலையை ஏற்காவிடில் குடியிருப்பும் போய்விடுமே என்று அத்தாய் கேட்கின்றாள். அவள் அச்சம் மெய்யே. பஞ்சசீலம் ஓதுவித்துவிட்டுக் கல்லூரிக் கட்டணம் கட்டும் நாளில் ஒதுங்கிக்கொள்ளும் சங்கம் அவளுக்கு அறிவுரை கூறுதல் தகாது. மூன்றாண்டுக் கட்டணமும், தங்க ஓர் அறையும், இரவுக் கல்லூரியில் சேர வழிகாட்ட ஓர் ஆளும் வேண்டும். உத்தியோகத்திலிருக்கும் உபாசகர்கள் மாத ஊதியத்தில் ஒருநாட் கூலியை இதற்கென ஒதுக்குவாராயின், ஆண்டுதோறும் சில பிள்ளைகளையேனும் தாங்கலாம்.

வரும் பௌர்ணமியன்று திரிசரணத்துக்குப் பின் இதற்கென நாம் கூடுவோம். பெற்றோர் பிள்ளைகளை உடனழைத்து வருக. அன்று முதலிற் பேச வேண்டியோர் பிள்ளைகளே. பெரியோர் சற்றுக் கேட்டிருக்கட்டும்.