கடல் கடக்கும் கல்வியும் கரையில் நிற்பவரும்

ஒரு பிள்ளையை அந்நிய நாட்டுச் சர்வகலாசாலைக்குச் சித்தஞ் செய்து அனுப்பும் உபாத்தியாயரின் கடமை எது? பரீட்சையில் தேறச் செய்துவிட்டால் அவர் கடமை முடிந்துவிடுமா? அப்பிள்ளை விட்டுச் செல்லும் வீட்டிற்கும் சமூகத்திற்கும் அவர் பொறுப்பாளி ஆவாரா, மாட்டாரா? கல்விமான்கள் ஆராய வேண்டிய இவ்விஷயத்தில் ஒரு தோட்டத்துக் கிராணிக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆயினும் இக்கேள்வி என் வாழ்வில் தானே வந்து புகுந்துவிட்டபடியால், விடை காண முயல்வதையன்றி எனக்கு வேறு வழியில்லை.

நான் கிராஞ்சிப் புறத்திலுள்ள கீரைத் தோட்டமொன்றில் கணக்கெழுதுகிறவன். சிங்கப்பூரில் ஆங்கில வழியே படித்தவன். எங்கள் தோட்டத்தில் பாத்தி வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், விடியுமுன்பே ஜோகூர்பாருவிலிருந்து கடற்பாலத்தைக் கடந்து கிராஞ்சிக்கு வந்து, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர். அவருடைய பாட்டனார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவருடைய மகளோ ஜோகூர்பாருவில் ஒரு சீன சுயேச்சை உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்பில் படிக்கிறாள். ஒருநாள் அப்பெரியவர் என் மேசையருகே வந்து, “தம்பி, பிள்ளை அமெரிக்காவுக்கு எழுதிப் போடவேண்டுமாம். இங்கிலீசுக் கட்டுரையைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்” என்றார். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் வீட்டிற்குச் சென்று, சம்பளமில்லா உபாத்தியாயனானேன்.

இச்சீனப் பள்ளிகளின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். மலாயாவில் 1961-ஆம் ஆண்டு நிறைவேறிய கல்விச் சட்டத்தின்படி, அரசாங்கத்தின் முழு உதவியைப் பெற விரும்பும் உயர்நிலைப் பள்ளிகள் சீனத்தைப் போதனா மொழியாக வைத்துக்கொள்ளுதல் கூடாதென்று ஆயிற்று. பல பள்ளிகள் இணங்கின. இணங்காதவை உதவியை இழந்து, தம் சமூகத்தாரின் நன்கொடையாலும் பிள்ளைகளின் கட்டணத்தாலும் நிற்கலாயின. 1913-இல் ஜோகூர்பாருவில் தோன்றிய ஃபூன் யூ பள்ளி அவற்றுள் ஒன்று. இன்று அத்தகைய பள்ளிகள் 60-க்கு மேல் உள்ளன. 1975 முதல் அவை தமக்கென ஒரு பொதுப் பரீட்சையை நடத்தி வருகின்றன. அச்சான்றிதழை மலேசிய அரசாங்கச் சர்வகலாசாலைகள் பல்லாண்டுகள் ஏற்காதிருக்க, தைவானும் சிங்கப்பூரும் வேறு பல நாடுகளும் ஏற்றுக்கொண்டன. உள்வாயில் அடைபட்டிருந்தமையின் வெளிவாயிலை நாடுதல் இயற்கையன்றோ? அந்நியக் கலாசாலைகளுக்குப் பிள்ளைகளைப் பக்குவப்படுத்துதல் நாளடைவில் இப்பள்ளிகளின் முக்கிய வேலைகளுள் ஒன்றாயிற்று.

சீன தேசத்திலோ நிலைமை வேறு. அங்கே 1977-இல் மீண்டும் தொடங்கப்பெற்ற தேசியப் புகுமுகப் பரீட்சையே உயர்நிலைப் பிள்ளைகளின் பெருங்கவலை. ஆனால் பெருநகரங்களின் அரசாங்கப் பள்ளிகள் பலவற்றில் இந்நூற்றாண்டிலே ‘சர்வதேசப் பிரிவு’ என்னும் தனி வகுப்புகள் எழுந்தன. மிகுந்த கட்டணம் செலுத்தி அவற்றில் சேரும் பிள்ளைகள், பெரும்பாலும் தேசியப் பரீட்சையை விடுத்து, ஆங்கிலேயரின் ஏ லெவல் பாடங்களையோ அமெரிக்க முறைப் பாடங்களையோ கற்று வெளிநாடு செல்கின்றனர். ஒரே மதிலுக்குள் ஒரு பிள்ளை நாட்டில் தங்குவதற்கும் மற்றொரு பிள்ளை நாட்டை விட்டுப் போவதற்கும் படிக்கின்றன. சிங்கப்பூர்வாசிகளாகிய நாமும் இதில் பிறரைக் குறை சொல்லத் தக்கவரல்லர். 1891-இல் இங்கு வந்த கேம்பிரிட்ஜ் பரீட்சையின் பெயர், நம் பிள்ளைகளின் ஏ லெவல் சான்றிதழில் இன்றும் இருக்கிறது.

நிற்க. என் மாணவியின் கதைக்கு வருவேன். அமெரிக்க சர்வகலாசாலைகள் பல, மதிப்பெண்களோடு, விண்ணப்பிப்போர் தம் வாழ்வைப் பற்றித் தாமே எழுதும் கட்டுரையொன்றையும் கேட்கின்றன. நேர்ந்த இடையூறு யாது, அதனை வென்றது எங்ஙனம் என்பது வழக்கமான தலைப்புகளுள் ஒன்று. அப்பெண் தன் தந்தையையே இடையூறாக எழுதியிருந்தாள். அவருடைய நகக்கண்களில் படிந்த மண், எழுத்தறியாமை, சீனப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் வாய்திறவாது அவர் உட்கார்ந்திருந்த கோலம் ஆகிய எல்லாவற்றையும் அடுக்கி, இவற்றிலிருந்து தப்புவதற்காகவே தான் படிப்பதாக முடித்திருந்தாள். நான் செய்தது யாது? வினைமுற்றுகளைத் திருத்தினேன். இரண்டிடங்களில் இன்னும் உருக்கமான சொல்லை எடுத்துக் கொடுத்தேன். “நன்றாயிருக்கிறது” என்றேன். அவ்வேளையில் அத்தந்தையார் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்து, “நன்றாய் எழுதுகிறாளா, தம்பி?” என்று வினவினார். அவர் முகத்தைப் பார்த்து விடை சொல்ல என்னால் இயலவில்லை.

அன்றிரவு கடற்பாலத்தைக் கடந்து வருகையில் என் மனம் என்னையே விசாரித்தது. பிழை அப்பெண்ணினுடையதா? அன்று. ஏழ்மையை உருக்கமாய் எழுதினால் வாயில் திறக்கும் என்பதை அவள் எங்கோ கற்றிருக்கிறாள். அதற்கு மெருகிட்டுக் கொடுத்தவன் நான். பிறர் கண்ணுக்கு ஏற்றபடி தன் வீட்டைப் பார்க்கக் கற்பித்தேனேயன்றி, தன் கண்ணால் பார்க்கக் கற்பித்தேனல்லேன்.

ஆயின், அந்நியக் கல்வியே தீதென்பது என் கருத்தா? ஒருக்காலும் அன்று. நம் பாட்டன்மார் கூலிகளாய்க் கடல் கடந்தபோது எவரும் அவர்களைத் தேசத் துரோகிகள் என்றிலர். பேரப்பிள்ளைகள் கல்விக்காகக் கடல் கடப்பது மட்டும் எவ்விதம் குற்றமாகும்? 1887-இல் ராணி உபகாரச் சம்பளம் பெற்று எடின்பரோவுக்கு வைத்தியம் கற்கச் சென்ற டாக்டர் லிம் பூன் கெங்கை நினைத்துப் பாருங்கள். திரும்பி வந்த அவர், 1899-இல் சிங்கப்பூரில் சீனப் பெண்களுக்கொரு பள்ளி தோன்ற முன்னின்றார். பின்னர் அமோய் சர்வகலாசாலையின் தலைமையை 1921 முதல் 1937 வரை ஏற்றார். அவர் கடந்து சென்ற கடல் அவரைத் தம் மக்களிடமிருந்து பிரித்துவிடவில்லை.

வெளிவாயில் அடைபடுங் காலத்தில் உள்வாயில் கட்டிய வரலாறும் உண்டு. 1949-க்குப் பின் சீன தேசத்திற்குப் படிக்கச் செல்லுதல் அரிதாகவே, ரப்பர் வியாபாரி டான் லார்க் சை 1953-இல் சீன மொழிச் சர்வகலாசாலை வேண்டுமென்றார். செல்வரோடு ரிக்‌ஷாக்காரரும் தம் உழைப்பின் ஊதியத்தைக் கொடுத்தனர். 1956-இல் நன்யாங் சர்வகலாசாலையில் வகுப்புகள் தொடங்கின. அதன் பட்டத்தை அரசாங்கம் அங்கீகரித்தது 1968-இல்தான். 1980-இல் அது மற்றொரு சர்வகலாசாலையோடு இணைந்து மறைந்தது. நம்மவரும் வாளாவிருந்தாரல்லர். 1950-களில் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டியபோது தொழிலாளரும் தம் காசைத் தந்து, சர்வகலாசாலையில் தமிழுக்கு இடம் தேடினர். 1946-இல் எழுந்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960 முதல் தமிழிலேயே உயர்நிலைக் கல்வி அளித்து, பிள்ளைகள் குறைந்து 1982-இல் மூடப்பட்டது. மேற்படிப்புக்குத் தமிழ் வழியில் வாயில் இல்லாத பள்ளிக்குப் பெற்றோர் எத்தனை காலம் பிள்ளைகளை அனுப்புவர்? ஆதலின், வாயில் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது ஒன்றே. அவ்வாயிலை அளவுகோலாக்கி, அதனுள் நுழைந்தவனே மனிதன், நுழையாதவன் வீணன் என்று பிள்ளையின் நெஞ்சில் எழுதுவதை மறுக்கிறேன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பத்துப் பேர் கடல் கடப்பாராயின், எஞ்சிய முப்பது பேருக்கு அப்பள்ளி என்ன கொடுத்தது என்பதே அப்பள்ளியின் உண்மைப் பரீட்சை. போகிற பிள்ளைக்கும் அதுவே பரீட்சை. தன்னை அனுப்புவதற்காக ஒரு தம்பியின் படிப்புக் குறுகியிருக்கும். ஒரு தாயின் நகை அடகுக்குப் போயிருக்கும். ஒரு தகப்பன் மழையில் நின்றிருப்பான். அவர்களை இழிவாக எண்ணக் கற்றுக்கொண்டே ஒருவன் அறிவாளியாகிவிட முடியுமாயின், அவ்வறிவு நமக்கு எற்றுக்கு?

இதற்கு எளிய விதியொன்றை நான் வகுத்துக்கொண்டேன். எவரைப் பற்றி எழுதினோமோ அவர் முன்னிலையில், அவருக்கு விளங்கும் மொழியில் படித்துக்காட்டக் கூசும் கட்டுரையை, கடலுக்கு அப்பாலுள்ளவர்க்கு அனுப்புதல் ஆகாது. அடுத்த ஞாயிறு அப்பெண்ணிடம் முதலில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். பிறகு இவ்விதியைச் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்தாள். “இப்படி எழுதினால்தான் எடுத்துக்கொள்வார்கள், மாமா” என்றாள். “இருக்கலாம்” என்றேன். அவள் சொன்னது பொய்யென்று நிரூபிக்க என்னிடம் ஆதாரமில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு கட்டுரை எழுதி வைத்திருந்தாள். வறுமையை அதில் மறைக்கவில்லை. மண்ணும் இருந்தது, பெற்றோர் கூட்டமும் இருந்தது. ஆனால் அக்கூட்டத்தில் வெட்கப்பட்டவள் தான் என்றும், அவ்வெட்கத்தைத் தனக்குக் கற்பித்தவர் யார் என்று இப்போது ஆராய்வதாகவும் எழுதியிருந்தாள். அதனைத் தந்தைக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். வீட்டில் பேசும் தமிழே அவளுக்குண்டு. சொல் கிடைக்காத இடங்களில் தடுமாறினாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “எல்லாம் சரிதானம்மா. ஆனால் நான் பார்க்கிறது நாற்பது பாத்தி இல்லை, முப்பத்தாறு. அதை மாற்றி எழுதிவிடு” என்றார்.

அவள் மாற்றி எழுதினாள். அமெரிக்காவிலிருந்து விடை இன்னும் வரவில்லை. எவ்விடை வரினும், அக்கட்டுரையைத் திருத்திய உபாத்தியாயர் அப்பெரியவரே என்பதில் எனக்கு ஐயமில்லை.