கேட்கப்படாத செபம் உண்டா?



கத்தோலிக்கப் பத்திரிகைகளின் ஓரங்களில் சிறு எழுத்தில் வரும் நன்றி அறிவித்தல்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள். மன்றாட்டைக் கேட்டருளிய மருதமடு அன்னைக்கு நன்றி என்றோ, புனித யூதா ததேயுவுக்கு நேர்ந்தபடி நன்றி என்றோ இருக்கும். கீழே பெயரின் முதலெழுத்து மட்டும். மகளுக்குக் கலியாணம் பொருந்தியிருக்கும். மகனுக்கு விசா கிடைத்திருக்கும். தகப்பனுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்திருக்கும். நன்றி மறவாமை நல்ல குணம். சுகம்பெற்ற பத்துக் குஷ்டரோகிகளுள் திரும்பி வந்தவன் ஒருவனே என்பதையும் நாம் அறிவோம்.

ஆனால், கேட்டது கிடைக்கவில்லை என்று எவரும் அறிவித்தல் கொடுப்பதில்லை. அதே ஒன்பது நாள் நவநாளை, அதே பீடத்தின் முன், அதே கண்ணீரோடு செய்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களுக்கு அந்த ஓரத்தில் இடமில்லை. அவர்களை நினைத்தே இதனை எழுதுகிறேன்.

அவர்களுக்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழிகள் உங்களுக்குத் தெரியும். விசுவாசம் காணாது; எங்கேயோ ஒரு பாவம் தடையாக நிற்கிறது; நேர்த்தி வைத்துவிட்டுச் செலுத்தாமல் விட்டிருப்பாய். சொல்பவர்கள் பொல்லாதவர்கள் அல்லர். பக்கத்து வீட்டில் விழுந்த இடி தங்கள் வீட்டில் விழாததற்கு ஒரு காரணம் தேடுகிறார்கள், அவ்வளவுதான். ஆயினும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் முகத்துக்கு நேரே இதனைச் சொல்வது எத்துணை கொடுமை! அவளுடைய துக்கத்தின் மேல் குற்றப் பழியையும் ஏற்றிவைக்கிறோம். (இந்தச் செபத்தை இத்தனை பிரதி எடுத்து இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெடுதி வரும் என்று பயமுறுத்தும் சங்கிலிச் செபங்களும் இதே இனத்தைச் சேர்ந்தவைதாம். முன்பு தபாலில் வந்தன. இன்று கைத்தொலைபேசியில் வருகின்றன. தயங்காமல் அழித்துவிடுங்கள். அது செபம் அன்று, மாந்திரீகம்.)

இந்தக் கேள்வி நமக்குப் புதிதும் அன்று. லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கலிலேயர் சிலர் பலி செலுத்திக்கொண்டிருந்த வேளையில் பிலாத்து அவர்களைக் கொல்வித்தான் என்ற செய்தியோடு சிலர் யேசுவிடம் வருகின்றனர். வழிபாட்டில் நின்றவர்களின் இரத்தம் பலியின் இரத்தத்தோடு கலந்துபோயிற்று! வந்தவர்களின் மனதில் இருந்த எண்ணத்தை ஆண்டவர் உடனே வெளிக்கொணர்கிறார். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளாயிருந்ததால் இப்படி நேர்ந்தது என்று எண்ணுகிறீர்களா என வினவி, இல்லை என்று தாமே மறுக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து மடிந்த 18 பேரைப் பற்றியும் அதனையே சொல்கிறார். அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. கேட்டவர்களையே மனந்திரும்பச் சொல்கிறார்.

நம் மண்ணிலும் பலியின் இரத்தத்தோடு மனித இரத்தம் கலந்ததுண்டு. 1995 யூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது விமானத்திலிருந்து குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பரில், மடு அன்னையின் வீட்டிலேயே அடைக்கலம் தேடியிருந்தவர்கள் எறிகணைக்குப் பலியாயினர். 2019 ஏப்ரில் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை கண்டுகொண்டிருந்தவர்கள் அதிலிருந்து எழுந்து வரவில்லை. இவர்கள் எல்லாரும் செபித்தவர்கள். செபித்த நிலையிலேயே இறந்தவர்கள். இவர்களுடைய செபம் குறைவுள்ளது என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? அவர்களோடு இருந்து உயிர்தப்பியவர் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும், சொல்லவும் வேண்டும். ஆனால், "நான் செபித்தேன், ஆகையால் தப்பினேன்" என்று சொல்லும்போது, பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தவரை அந்த "ஆகையால்" என்ன செய்கிறது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் எதற்காகச் செபிக்க வேண்டும்? கடவுள் எல்லாம் அறிந்தவர்; அவருடைய சித்தம் மாறாதது; நாம் கேட்பதால் என்ன ஆகப்போகிறது? இளைஞர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. 1274இல் இறந்த புனித தோமஸ் அக்குவினார் இதற்குத் தந்த மறுமொழி இன்றும் பழுதுபடவில்லை. செபம் கடவுளின் எண்ணத்தை மாற்றுவதற்காக அன்று. செபத்தின் வழியாகவே தருவதென்று அவர் நியமித்தவற்றைப் பெறுவதற்காகவே என்பது அவருடைய கருத்து. நம் ஊர்ப் பாணியில் சொன்னால், நெல்லைத் தருபவர் கடவுள்தான். அதற்காக, தருவதானால் தரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு எந்தக் கமக்காரனும் விதைப்புக் காலத்தில் வீட்டில் இருப்பதில்லை. விதைப்பையும் சேர்த்தே கடவுள் நெல்லை நினைத்தார். செபத்தையும் அவ்வாறே சேர்த்து நினைத்திருக்கிறார்.

இது அறிவுக்குப் பொருந்துகிறது. ஆனால் விதைத்தும் விளையாத வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு இது போதாது.

புனித மோனிக்கம்மாளை எடுத்துக்கொள்வோம். 383ஆம் ஆண்டு ஆபிரிக்காவின் கார்த்தேஜ் துறைமுகத்தில், மகன் அகுஸ்தீன் இத்தாலிக்குக் கப்பலேறக் கூடாது என்று அந்தத் தாய் மன்றாடினார். மகனோ, நண்பன் ஒருவனை வழியனுப்ப வந்திருப்பதாகப் பொய் சொல்லி, கப்பலுக்குக் கிட்ட இருந்த புனித சிப்பிரியானாரின் சிற்றாலயத்தில் தாயை இரவு தங்கச் செய்தான். அவர் அங்கே விடியும்வரை அழுது செபித்தார். அவர் செபித்துக்கொண்டிருக்கும்போதே கப்பல் போய்விட்டது. கேட்டது ஒன்று, நடந்தது அதற்கு நேர் எதிரானது. ஆனால் அந்தப் பயணமே மகனை மிலான் நகருக்கும், ஆயர் அம்புரோசியாரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அவன் ஞானஸ்நானம் பெற்றான். அந்த இரவு தாய் கேட்டதைக் கொடுக்காததன் மூலம், அவர் எந்நாளும் கேட்டுவந்ததைக் கடவுள் கொடுத்தார் என்று பிற்காலத்தில் அகுஸ்தீனாரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதிவைத்தார்.

பிரசங்கங்களில் நாம் விரும்பிச் சொல்லும் கதை இது. ஆயினும் இதனைச் சற்று அவதானத்தோடு சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். மோனிக்கம்மாள் முடிவைக் கண்டார். மகன் கரைசேர்ந்ததைக் கண்ட பின்பே கண்மூடினார். முடிவைக் காணாமலே கண்மூடும் தாய்மார் எத்தனை பேர்! எல்லாம் பிறகு விளங்கும், பொறுத்திரு என்று அவர்களுக்குச் சொல்வது, பசித்தவனுக்கு நாளைய விருந்தைப் பற்றிச் சொல்வது போன்றது. அவர்கள் சிற்றாலயத்தில் விடியும்வரை அழும் அந்த இரவிலேயே இருக்கிறார்கள். அந்த இரவில் அவர்களோடு இருப்பவர் யார்?

இங்கேதான் ஜெத்சமனித் தோட்டத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. பாவமே அறியாத மகன், விசுவாசக் குறைவே இல்லாத மகன், தரையில் விழுந்து கேட்டார். ஒரு முறை அன்று, மூன்று முறை. பாத்திரம் அகலவில்லை. மறுநாள் பிற்பகல் அவர் சிலுவையில் இறந்தார். அப்படியிருக்க, எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 5ஆம் அதிகாரம் நம்மைத் திகைக்க வைக்கிறது. மரணத்தினின்று காக்க வல்லவரை நோக்கி அவர் கண்ணீரோடு மன்றாடினார் என்றும், அவருடைய மன்றாட்டு கேட்கப்பட்டது என்றும் அது சொல்கிறது. கேட்கப்பட்டதா? எப்படி?

லூக்காஸ் மட்டும் ஒரு செய்தியைத் தருகிறார். வானதூதர் ஒருவர் தோன்றி அவரைத் திடப்படுத்தினார். வந்த தூதர் பாத்திரத்தை எடுத்துச் செல்ல வரவில்லை. தூதர் வந்த பின்பே வேதனை இன்னும் மிகுந்தது. செபமும் இன்னும் உருக்கமாயிற்று. வியர்வை இரத்தத் துளிகள்போல் விழுந்தது. ஆறுதல் வந்தால் வலி நின்றுவிடும் என்று நாம் எண்ணுகிறோம்; அங்கே அப்படி நடக்கவில்லை. ஆனால் முகங்குப்புற விழுந்து கிடந்தவர் எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தவர்களை எதிர்கொண்டு நடந்தார். செபிக்காமல் உறங்கிய சீஷர்கள் ஓடிப்போனார்கள். பிதா மகனை மரணத்துக்கு இப்பால் நிறுத்திக் காக்கவில்லை. மரணத்தினூடாகக் கொண்டுபோய், மூன்றாம் நாள், அப்பால் எழுப்பினார். அதுவே அந்த மன்றாட்டுக்குக் கிடைத்த மறுமொழி. வெள்ளிக்கிழமை மாலையில் சிலுவையடியில் நின்ற தாய்க்கு அது இன்னும் தெரியாது.

மீனைக் கேட்கும் பிள்ளைக்குப் பாம்பைக் கொடுக்கும் தகப்பன் இல்லை என்ற உவமையை மத்தேயுவும் லூக்காசும் எழுதியிருக்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பரம பிதா நன்மையானவற்றைத் தருவார் என்று முடிக்கிறார் மத்தேயு. லூக்காசோ, பரிசுத்த ஆவியையே தருவார் என்கிறார். விசாவைப் பற்றியும் சத்திரசிகிச்சையைப் பற்றியும் நமக்கு வாக்குறுதி இல்லை. தம்மையே தருவதாக வாக்குறுதி இருக்கிறது. இது சிறிய ஆறுதல்போல் தோன்றும் நாட்களும் உண்டு. அதனை நான் மறைக்கப் போவதில்லை.

இதனால் கேட்பதை நிறுத்திவிட வேண்டும் என்பதல்ல. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தியபடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். "கடவுள் சித்தம், விட்டுவிடு அம்மா" என்று அவர்களுக்குச் சொல்பவர், லூக்காஸ் 18ஆம் அதிகாரத்து விதவையை மறந்துவிட்டார். அவள் நீதியற்ற நடுவனின் வாசலை விட்டு அகலவேயில்லை. அவள் கேட்டது நீதி. இடைவிடாமல் செபிப்பதற்கு ஆண்டவர் நமக்குக் காட்டிய முன்மாதிரி அந்தப் பிடிவாதக்காரிதான்.

இன்னும் ஒன்று. முறையிடவும் மனமின்றி, சொல்லும் வற்றிப்போனவர்கள் 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். வேறு முறையீட்டுச் சங்கீதங்கள் பல, கடைசியில் புகழ்ச்சியில் வந்து முடியும். இது அப்படி முடியாது. இரவும் பகலும் கூப்பிட்ட ஒருவன், கடவுள் தன் முகத்தை ஏன் மறைத்தார் என்று கேட்டுவிட்டு, இருட்டோடு நிறுத்திக்கொள்கிறான். திருச்சபை அதற்கு ஆறுதலான ஒரு முடிவுரையை எழுதிச் சேர்க்கவில்லை. கட்டளைச் செபத்தில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படுக்கைக்குப் போகுமுன், குருக்களும் துறவிகளும் அதனை உள்ளபடியே சொல்லிவிட்டு விளக்கை அணைக்கிறார்கள்.