கம்பியைப் பார்த்தது யார்?

"தம்பி, உங்க சர்டிபிகேட் சும்மாதானே பீரோவுல கிடக்குது?" என்று கேட்டார் மேஸ்திரி. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டைக் கட்டியவர். நான் படித்தது சிவில், சோறு போடுவது ஓஎம்ஆரில் மென்பொருள் வேலை (எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் கதை இதுதான்). அவர் கேட்டது எளிமையான விஷயம். என் பெயரில் பதிவுபெற்ற பொறியாளர் உரிமம் எடுக்க வேண்டும். அவர் கட்டும் வீடுகளின் பிளானில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம்.

2024 ஜூலையிலிருந்து சின்ன வீடுகளுக்குச் சுயசான்றிலேயே அனுமதி கிடைக்கிறது: 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டிடம். மேஸ்திரி இப்போது அதைத் தாண்டி, ஸ்டில்ட் வைத்து மூன்று மாடி என்று போகிறார். அங்கே 2019ஆம் ஆண்டின் கட்டிட விதிகள் பதிவுபெற்ற பொறியாளரைக் கேட்கின்றன. பதிவுக்குப் படிப்பும் அனுபவமும் வேண்டும். அவரிடம் முப்பது வருட அனுபவம், பட்டம் இல்லை. என்னிடம் பட்டம், அனுபவச் சான்றை "வாங்கிக்கலாம்" என்றார்.

சிரிப்பு வந்தது. ஏனென்றால் இருவரில் விஷயம் தெரிந்தவர் அவர்தான். பள்ளிக்கரணைப் பக்கம் களிமண், பல்லாவரம் பக்கம் பாறை, முடிச்சூரில் 2015 வெள்ளம் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் நின்றது, எல்லாம் அத்துப்படி. அரசு வேலை எடுக்கும் ஒப்பந்ததாரருக்குப் பொதுப்பணித்துறையில் வகுப்பு வாரியாகப் பதிவு உண்டு. தனியார் வீடு கட்டும் மேஸ்திரியை யாரும் தேர்வு வைத்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் நான் கையெழுத்துப் போட்டால் யாருக்கு நஷ்டம்? பிளான் சரி, வேலையும் சரி, வீடும் விழப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். பொய் என்பதைத் தவிர இதில் என்ன தப்பு?

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் மழையில் சரிந்தது. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். விழுந்த கட்டிடத்துக்கு சிஎம்டிஏ அனுமதி இருந்தது. காகிதத்தில் அது நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆபீசில் நானும் படிக்காமல் அப்ரூவ் கொடுத்திருக்கிறேன். நண்பன் எழுதிய கோட், வெள்ளிக்கிழமை சாயங்காலம், 'நல்லாத்தான் இருக்கும்' என்று ஒரு க்ளிக். உடைந்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். கான்கிரீட்டில் அது நடக்காது. போட்ட மறுநாள் உள்ளே இருக்கும் கம்பியை யாரும் பார்க்க முடியாது. எத்தனை ரிங், எவ்வளவு இடைவெளி, கவர் பிளாக் வைத்தார்களா, ஒன்றும் தெரியாது. அந்தக் கையெழுத்து நம் படிப்பைப் பற்றியது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது சாட்சி. மூடுவதற்கு முன் ஒருவர் நின்று பார்த்தார் என்பதற்கு. பட்டத்தை இரவல் தரலாம்; பார்த்ததை எப்படித் தருவது?

முடியாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி, வேற ஆளு இருக்காரு." இரண்டு வாரத்தில் இருந்தார். செம்பாக்கத்தில் அந்த மனை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியுமா, சந்தேகம்தான். என் பெயர் சுத்தமாக இருந்தது. அந்த வீட்டுக்கு அதனால் ஒரு பைசா லாபமில்லை. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். பீமில் ஆறு இஞ்சுக்கு ஒரு ரிங் என்று டிராயிங். ஒரு மூலையில் எட்டு, ஒன்பது. காட்டினேன். மேஸ்திரி குனிந்து பார்த்தார், கம்பி கட்டுகிறவரைக் கூப்பிட்டுத் திட்டினார், அவிழ்த்துத் திரும்பக் கட்ட வைத்தார். டீ வந்தது.

"இவ்ளோ பாக்குறீங்க. அப்புறம் கையெழுத்து போட என்ன தயக்கம்?"

ஒவ்வொரு தளத்துக்கும் வர முடிந்தால் முறையாகவே உரிமம் எடுப்பேன் என்றேன். எப்போது வர முடியும் என்று கேட்டார். அடுத்த ஸ்லாப் செவ்வாய்க்கிழமை. அன்று எனக்கு ரிலீஸ்.