எது பறவையின் ஊர்?

ஒருவர்க்கு ஊர் என்பது பிறந்த இடமா, வாழும் இடமா? தலைநகரில் வாழும் தமிழர் பலர் தமக்குள் கேட்டுக்கொள்ளும் இவ்வினாவைப் புரட்டாசி மாதத்துத் தில்லியும் நம்முன் வைக்கிறது.

செப்டம்பர்த் திங்களின் இறுதியில் தென்மேற்குப் பருவக்காற்று தில்லியை விட்டு விலகத் தொடங்குகிறது. கோடையில் தகித்து, மழையில் புழுங்கிய காற்று தணிகிறது. பவழமல்லி உதிர்கிறது, சற்றுப் பின்னே சாலையோரத்து ஏழிலைப்பாலை மணக்கிறது. மழையோடு வந்து, தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிட்ட சுடலைக்குயில் விடைபெறுகிறது. ஏறக்குறைய அதே நாட்களில் வடக்கிலிருந்து வெள்ளை வாலாட்டிக் குருவி வந்து, புல்வெளியில் வாலை அசைத்தபடி பூச்சி தேடுகிறது.

குயிற்குஞ்சு இங்கே பிறந்து இங்கிருந்து நீங்குவது. வாலாட்டியோ வேறிடத்தில் பிறந்து, ஆண்டில் பாதிக்கு மேல் இங்கே வாழ்வது. பிறப்பை அளவுகோலாகக் கொண்டால் முன்னது தில்லிக்கு உரியது. வாழ்நாளைக் கொண்டால் பின்னது. நாமோ இரண்டையும் விருந்தாளி என்றே அழைக்கிறோம்!

ஊர் இரண்டானால் பற்றும் பாதியாகும் என்பர் சிலர். பறவையின் வாழ்வு அதனை மறுக்கிறது. சைபீரியாவில் முட்டையிட்டுப் பரத்பூர் நீர்நிலைகளில் குளிர்காலத்தைக் கழித்த சைபீரியக் கொக்கு, 2002-க்குப் பின் அங்கு வரவில்லை. பிறந்த சதுப்புநிலம் இருந்தும், வழியில் நேர்ந்த வேட்டையும் நீர்நிலைகளின் அழிவும் அவ்வரவை நிறுத்தின. இரண்டு ஊர்களும் இடைவழியும் ஒருங்கே நலமுற்றிருந்தாலன்றி வலசைப் பறவைக்கு வாழ்வில்லை. அதற்கு ஊர் இரண்டு பாதிகள் அல்ல, இரண்டு முழுமைகள்.

இவ்வுண்மை நமக்கும் பொருந்தும். யமுனையில் நுரை மிதந்தால், "இது நம் ஆறன்று" என்று கடந்து போகிறோம். சொந்த ஊரில் ஏரி தூர்ந்தால், "நாம் தொலைவில் இருக்கிறோமே" என்று ஆறுதல் கொள்கிறோம். ஊர் இரண்டு உடையோர் இரண்டின் கடனிலிருந்தும் தப்பிக்கொள்ளும் வழியன்றோ இது!

உரிமை எங்கே என்னும் வினாவிற்குப் பிறப்புச் சான்றிதழ் விடை கூறலாம். கடமை எங்கே என்னும் வினாவிற்கு நாம் குடிக்கும் தண்ணீரே விடை கூறும். முப்பது ஆண்டுகள் நம் தாகம் தீர்த்த ஆற்றுக்கு நாம் விருந்தினர் அல்லோம். பிறந்த மண்ணின் ஏரிக்கும் நாம் அயலார் அல்லோம். இரண்டையும் காக்கக் கடமைப்பட்டோர்க்கே இரண்டும் ஊராகும்.