இரகசியமா, அமானிதமா?

நோயைப் பற்றிய செய்தி நோயாளிக்கே உரியது. அவர் இசைவின்றி அதனைப் பிறர்க்கு உரைத்தல் தகாது. மருத்துவரும் அறவோரும் ஒருங்கே ஒப்பும் நெறி இது. ஆயின், அவர் உடலிலுள்ள குறை உடன்பிறந்தார் உடலிலும் ஒளிந்திருக்கக் கூடுமாயின், அச்செய்தி யாருக்கு உரியது?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், கால் முறிந்து மருத்துவமனை சேர்ந்த 21 வயது மாணவன் ஒருவன் முறிவைக் காட்டிலும் மயக்க மருந்துக்கே அஞ்சினான். அவன் உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் மாண்டிருந்தனர். மருத்துவர்கள் ஈதரை விடுத்து, அந்நாளில் புதிதாயிருந்த ஹாலோத்தேனைக் கொடுத்தனர். அதுவும் அவனுக்கு நஞ்சாயிற்று! எனினும், முன்னரே அறிந்திருந்தமையால் விரைந்து நிறுத்தினர், பனிக்கட்டி வைத்துக் குளிர்வித்தனர், பிழைத்தான். டென்பரோ, லவல் என்னும் இருவர் 1960இல் இதனை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர்.

இக்குறை உடையாரிடம், நுகரச் செய்யும் மயக்க ஆவிகளும் சக்சினைல்கோலின் என்னும் ஊசி மருந்தும் தசைக்குள் கால்சியத்தைக் கட்டின்றிப் பெருகச் செய்கின்றன. தசை விறைக்கும்; உடல் உலையெனக் கொதிக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முன்னொரு முறை தீங்கின்றி மயங்கி எழுந்தோம் என்பது காப்பாகாது.

மாற்று மருந்து இல்லாமலில்லை. டான்ட்ரோலீன் பயன் தருவதை 1975இல் தென்னாப்பிரிக்காவின் ஹாரிசன் காட்டினார்; 1979இல் அமெரிக்கா அதனை ஊசியாக ஏற்றது. முன்பு பெரும்பாலோர் மடிந்த நோயில் இன்று உரிய நேரத்தில் மருந்து கிட்டினால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆனால் பழைய வகைக் குப்பியொன்றில் 20 மில்லிகிராமே உண்டு. ஒவ்வொன்றையும் 60 மில்லி நீரில் கரைக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர்க்கு முதல் வேளைக்கே ஒன்பது குப்பி! உயிர் ஊசலாடும்போது குப்பியைத் தேடி ஓடுவதினும், முன்கூட்டி அறிந்து புரோபோஃபால் ஊசியையோ முதுகுத்தண்டு ஊசியையோ தேர்வது எத்துணை எளிது!

“வெளியில் தெரிந்தால் பெண் கேட்டு வருவாரா?” என்று மூத்தோர் வாய் பொத்துவர். அவ்வச்சத்தை நான் எள்ளேன்; அதற்கு ஆளாவோர் பெரும்பாலும் நம் பெண்மக்களே. எனினும், ஆபரேஷன் மேசையில் மௌத்தான சாச்சாவின் கதை அவருடைய ஹக்கு மட்டுமன்று. அவர் தம்பி மக்களுக்காக நம்மிடம் விடப்பட்ட அமானிதமுமாகும். ஊரறிய உரைப்பது வேறு, உதிரத்தோர்க்கு உரைப்பது வேறு. நோயுற்றவரே இசைய மறுப்பினும், “நம் குடும்பத்தில் மயக்க மருந்து ஒருவர்க்கு ஒவ்வாது போயிற்று” என்று பெயர் சுட்டாமல் சொல்ல இயலும். மயக்க மருந்து கொடுப்பவர் விழித்துக்கொள்ள அவ்வளவு போதும்.